யூத்சாட் என்னும் சிறு துணைக்கோளும் நம் தலைமேல் உள்ள அயனி மண்டலமும்

கொள்ளேகாலிலிருந்து மலை மாதேசுவர மலைக்குச் செல்லும் சாலையில், ஹனூரைக் கடந்த பின் காட்டின் விளிம்பில் அமைந்துள்ள ஊர் கௌதள்ளி. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து மைசூர் மாநிலத்துக்கு மாற்றப்பட்ட கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்தது இது. பின்னர் மைசூர் மாவட்டத்தில் இருந்து, 1997-இல் சாமராசநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதனுள் அடங்கிற்று. தேசப்படத்தில் திருவனந்தபுரத்தையும் பெங்களூரையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பார்த்தால், அக்கோடு கௌதள்ளிக்கு மிக அருகில் செல்வதைக் காணலாம். கிழக்குத் தீர்க்கரேகை 77 பாகைக்கும் 78 பாகைக்கும் இடையில் செல்லும் இக்கோட்டை வடக்கே தில்லி வரை நீட்டி, அதன் மேலுள்ள வானத்தை அளப்பதற்கென்றே 2011-இல் ஒரு சிறு துணைக்கோள் விண்ணில் செலுத்தப்பட்டது. அதன் பெயர் யூத்சாட்.

அத்துணைக்கோள் என்ன அளந்தது, எவ்வாறு அளந்தது, அவ்வளவை நிலத்தில் நின்று பணியாற்றுவோர்க்கு எவ்வகையில் பயன்படும் என்பவற்றை விளக்குவது இப்பாடத்தின் நோக்கம். நில அளவையிலும் வனப்பணியிலும் கைக்கருவி கொண்டு இடங்குறிக்கும் ஊழியர்களுக்கும், உயர்நிலைப் பள்ளிகளில் பௌதிகமும் கணிதமும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் இது ஒருங்கே உரியது.

1. முன் நிகழ்ந்த முயற்சிகள்

பூமியைப் பார்ப்பதும் விண்வெளிக் கதிர்வீச்சை அளப்பதும் நம் நாட்டில் தொடக்கத்தில் தனித்தனி முயற்சிகளாகவே இருந்தன. 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் சோவியத் நாட்டிலிருந்து ஏவப்பட்ட ஆரியபட்டா 360 கிலோகிராம் எடையுள்ளது. விண்மீன்களின் எக்ஸ்-கதிர்கள், கதிரவனிலிருந்து வரும் நியூட்ரான்களும் காமாக் கதிர்களும், மேல்வளி மண்டலத்தின் அயனிகள் ஆகியவற்றை ஆராயும் கருவிகள் அதில் இருந்தன. மின்வழங்கலில் நேர்ந்த கோளாற்றால் சில நாட்களிலேயே அச்சோதனைகள் நின்றன. எனினும், துணைக்கோள் ஒன்றை அமைத்து இயக்கும் திறமையை நாம் பெற்றோம். அதனை அமைத்த குழுவின் தலைவர் உ. இரா. ராவ் அவர்கள், விக்ரம் சாராபாயிடம் அண்டக் கதிர் ஆராய்ச்சியில் பயின்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதன்பின் 1979 ஜூன் 7-ஆம் நாள் ஏவப்பட்ட பாஸ்கரா-1, நிலத்தையும் கடலையும் நோக்கும் தொலைக்காட்சிக் காமிராக்களையும் நுண்ணலை அளவியையும் சுமந்து சென்றது. அதன் பிம்பங்கள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நுணுக்கமுடையவை. மீண்டும் 1994 மே 4-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற சுராஸ்-சி2 என்னும் 115 கிலோகிராம் துணைக்கோள், காமாக் கதிர் வெடிப்புக்களை அறியும் கருவியையும், தான் செல்லும் வழியில் உள்ள அயனிகளையும் எலெக்ட்ரான்களையும் அளக்கும் கருவியையும் கொண்டிருந்தது. கதிர்வீச்சும் அயனி மண்டலமும் ஒரே சிறு கலத்தில் சேர்ந்து ஆராயப்பட்டமைக்கு இது நல்ல முன்மாதிரி.

2. யூத்சாட்டின் அமைப்பு

குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள் 2005-இல் உருசிய நாட்டுக்குச் சென்றபோது, இரு நாட்டு மாணவர்களும் சேர்ந்து பங்குகொள்ளும் துணைக்கோள் ஒன்று வேண்டும் என்னும் கருத்து உருப்பெற்றது. அதன் விளைவே யூத்சாட். 2011 ஏப்ரல் 20-ஆம் நாள் காலை 10 மணி 12 நிமிடத்திற்கு, பி.எஸ்.எல்.வி.-சி16 ராக்கெட்டின் மூலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அது செலுத்தப்பட்டது. அந்த ராக்கெட்டு சுமந்த முதன்மைத் துணைக்கோள் 1,206 கிலோகிராம் எடையுள்ள ரிசோர்ஸ்சாட்-2 ஆகும். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட 106 கிலோகிராம் எடையுள்ள எக்ஸ்-சாட்டும் உடன் சென்றது. யூத்சாட்டின் எடை 92 கிலோகிராம் மட்டுமே.

இம்மூன்றும் ஏறத்தாழ 822 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களின் அருகே செல்லும் பாதையில் விடப்பட்டன. அவ்வுயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 101 நிமிடம் ஆகும். ஆகவே ஒரு நாளில் பதினான்கு சுற்றுக்குச் சற்று மேலாகிறது. திருவனந்தபுரத்தின் அட்சரேகைக்கும் தில்லியின் அட்சரேகைக்கும் இடையே 20 பாகை உள்ளது. 360 பாகைக்கு 101 நிமிடம் என்றால் 20 பாகைக்கு ஐந்தரை நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். புகைவண்டியில் இரண்டு நாள் செல்லும் வழியை அத்துணைக்கோள் ஒரு பள்ளி மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில் பலமுறை கடந்துவிடக்கூடிய வேகத்தில் கடந்தது.

அதில் மூன்று கருவிகள் இருந்தன. முதலாவது, ரேபிட் எனப்பட்ட ரேடியோ கலங்கரை விளக்கு. இதனைத் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தைச் சேர்ந்த விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தார் அமைத்தனர். இரண்டாவது, பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் நோக்கி, மேல்வளியின் மெல்லிய ஒளியைப் பல நிறங்களாகப் பிரித்துப் பதியும் காமிரா. மூன்றாவது, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தார் அமைத்த சோல்ராட் என்னும் கதிர்வீச்சு அளவி. இம்மூன்றில் எதுவும் தனியே நின்று முழு விடையைத் தருவதன்று. ஒன்று சொல்லாமல் விட்டதை மற்றொன்று சொல்லும்படி அவை தெரிந்தெடுக்கப்பட்டிருந்தன. அதனைப் படிப்படியாகக் காண்போம்.

3. அயனி மண்டலம் என்பது யாது?

ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு மேல், கதிரவனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ்-கதிர்களும் வளியின் அணுக்களைத் தாக்கி அவற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுக்கின்றன. இவ்வாறு பிரிந்த எலெக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்த பகுதியே அயனி மண்டலம். பகலில் 250 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் எலெக்ட்ரான்களின் செறிவு மிகுந்திருக்கும். இரவில் அவை மீண்டும் அயனிகளோடு கூடுவதால் செறிவு குறையும்.

கதிரவன் உச்சியில் காயும் நடுக்கோட்டின் மேல்தான் எலெக்ட்ரான்கள் மிகுதியாய் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. உண்மை அதுவன்று. பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக அமைந்த கோடு ஒன்று உண்டு. அதனைக் காந்த நடுக்கோடு என்பர். இந்தியாவில் அது தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. தும்பாவில் 1963-இல் ராக்கெட்டு ஏவுதளம் அமைக்கப்பட்டதற்கு அதுவே முதற் காரணம். பகலில் அக்கோட்டின் மேல் கிழக்கு நோக்கிய மின்புலமும் வடக்கு நோக்கிய காந்தப்புலமும் சேர்ந்து எலெக்ட்ரான்களை மேல்நோக்கி எழுப்புகின்றன. எழுந்தவை காந்தவிசைக் கோடுகளின் வழியே இருபுறமும் சரிந்து இறங்குகின்றன. தோட்டத்து நீர்த்தாரையில் நடுவே எழும் நீர் இருபக்கமும் வளைந்து விழுந்து, விழும் இடத்தில் குட்டையாகத் தேங்குவதை இதற்கு ஒப்பிடலாம். தாரையின் அடியில் நீர் குறைவு. இரு பக்கத்துக் குட்டைகளில் நீர் மிகுதி. இவ்விரு மிகுதிப் பட்டைகளும் காந்த நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 15 பாகை வடக்கிலும் தெற்கிலும் அமைகின்றன. எனவே திருவனந்தபுரம் குறைவான பகுதியில் நிற்கிறது. போபாலை ஒட்டிய பகுதி வடபுற மிகுதிப் பட்டையின் கீழ் நிற்கிறது. கௌதள்ளியும் பெங்களூரும் இரண்டுக்கும் இடைப்பட்ட சரிவின் கீழ் நிற்கின்றன. இச்சரிவு என்னும் செய்தியை நினைவில் வைத்துக்கொள்க. பின்னர் அது களப்பணிக்கு நேராக வந்து பயன்படும்.

4. இரண்டு அதிர்வெண்கள் ஏன்?

எலெக்ட்ரான்களை எண்ண ஒரு அலகு வேண்டும். துணைக்கோளிலிருந்து நிலம் வரை, ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள ஒரு தூணைக் கற்பனை செய்வோம். அத்தூணில் நூறு கோடி கோடி எலெக்ட்ரான்கள், அதாவது ஒன்றின் பின் பதினாறு பூச்சியங்கள் இட்ட எண்ணிக்கை இருந்தால், அதனை ஒரு தூண் அலகு என்று கொள்வோம்.

ரேடியோ அலை எலெக்ட்ரான்களின் ஊடே செல்லும்போது அது சுமந்து வரும் செய்தி சிறிது தாமதமாகிறது. அத்தாமதம் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்திலும், அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர் விகிதத்திலும் உள்ளது. யூத்சாட்டின் ரேபிட் கருவி 150 மெகாஹெர்ட்ஸ், 400 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரு அதிர்வெண்களில் ஒலிபரப்பிற்று. ஒரு தூண் அலகு எலெக்ட்ரான்கள் குறுக்கிட்டால், 150 மெகாஹெர்ட்ஸில் உண்டாகும் தாமதம் ஏறத்தாழ 18 மீட்டர் தூரத்துக்குச் சமம். 400 மெகாஹெர்ட்ஸில் இரண்டரை மீட்டருக்குச் சமம். இரண்டும் 50 மெகாஹெர்ட்ஸின் மடங்குகளே: ஒன்று மூன்று மடங்கு, மற்றது எட்டு மடங்கு. எட்டின் வர்க்கத்தை மூன்றின் வர்க்கத்தால் வகுத்தால் ஏழுக்குச் சற்று மேல் வருகிறது. தாமதங்களின் விகிதமும் அதுவே.

ஒரே அதிர்வெண் இருந்தால், அலை தாமதித்தது துணைக்கோள் தொலைவில் இருந்ததனாலா, எலெக்ட்ரான்களாலா என்று பிரித்தறிய இயலாது. இரண்டும் ஒரே இடத்திலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டவை. ஆதலின் தூரம் இரண்டுக்கும் பொது. வேறுபாடு எலெக்ட்ரான்களால் மட்டுமே உண்டாவது. இரண்டையும் ஒப்பிட்டவுடன் வழியில் உள்ள எலெக்ட்ரான்களின் மொத்தம் கிடைத்துவிடுகிறது. நடைமுறையில் அலைகளின் கட்ட வேறுபாட்டை ஒப்பிட்டே இதனைக் கணக்கிடுவர். அடிப்படைத் தத்துவம் மேற்கூறியதே.

5. ஐந்து நிலையங்களும் ஒரு பனந்தோப்பும்

இவ்வொலிபரப்பை வாங்குவதற்குத் திருவனந்தபுரம், பெங்களூர், ஹைதராபாத், போபால், தில்லி ஆகிய ஐந்து இடங்களில் வாங்கிகள் நிறுவப்பட்டிருந்தன. யூத்சாட் அக்கோட்டின் மேல் செல்லுகையில், ஐந்து நிலையங்களும் ஒரே துணைக்கோளை ஐந்து வெவ்வேறு சாய்வுகளில் கண்டன.

ஒரு பனந்தோப்பின் அப்புறத்தில் ஒருவர் இரவில் விளக்கேந்தி நடந்து செல்கிறார் என்று கொள்வோம். இப்புறத்து ஏரிக்கரையில் ஐவர் இடைவெளி விட்டு நின்று, விளக்கு எப்போது மங்குகிறது, எப்போது தெளிகிறது என்று குறித்துக்கொள்கின்றனர். ஒருவரது குறிப்பைக் கொண்டு தோப்பின் எந்தப் பகுதி அடர்ந்தது என்று கூற இயலாது. அவர் அறிவது தம் பார்வைக் கோட்டில் உள்ள மரங்களின் மொத்தமே. ஐவரின் குறிப்புக்களையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்டால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களிலிருந்து தோப்பின் உள்ளமைப்பு வெளிப்படும். மருத்துவமனைகளில் உடலைத் துண்டு துண்டாகக் காட்டும் எக்ஸ்-கதிர்ப் படமும் இம்முறையிலேயே பெறப்படுகிறது.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. அதனைக் கரும்பலகையில் எளிய கணக்காகக் காட்டலாம். நான்கு கட்டங்களுள்ள ஒரு சதுரம் வரைக. மேல்வரிசைக் கட்டங்கள் அ, ஆ. கீழ்வரிசைக் கட்டங்கள் இ, ஈ. அயனி மண்டலத்தின் மேலடுக்கு, கீழடுக்கு என்று அவற்றைக் கொள்க. துணைக்கோளிலிருந்து கீழே வரும் கதிர்கள் செங்குத்தாகவோ சாய்வாகவோ மட்டுமே வரும். அவை தரும் மொத்தங்கள் பின்வருமாறு இருக்கட்டும்:

அ, இ சேர்ந்து 6.
ஆ, ஈ சேர்ந்து 14.
அ, ஈ சேர்ந்து 11.
ஆ, இ சேர்ந்து 9.

நான்கு செய்திகள் உள்ளன. கண்டுபிடிக்க வேண்டியனவும் நான்கு. விடை கிடைத்துவிடும் என்று மாணவர் எண்ணுவர். அ 2 ஆயின், ஆ 5, இ 4, ஈ 9 என்று வந்து நான்கும் பொருந்துகின்றன. அ 1 ஆயின், ஆ 4, இ 5, ஈ 10 என்று வந்து அவையும் பொருந்துகின்றன. இவ்வாறு அ-வுக்குப் பூச்சியம் முதல் 6 வரை எந்த முழு எண்ணை இட்டாலும் விடை பொருந்தும். ஏழு விடைகள் உள்ளன. காரணம், முதல் இரண்டு மொத்தங்களின் கூட்டும் பின் இரண்டு மொத்தங்களின் கூட்டும் ஒன்றே, அதாவது 20. எனவே நான்காவது செய்தி புதிய செய்தியன்று. மேலடுக்கில் எவ்வளவு, கீழடுக்கில் எவ்வளவு என்று பிரித்துக் கூறும் கிடைமட்டக் கோடு ஒன்றும் இங்கு இல்லை.

இப்போது ஒரே ஒரு கிடைமட்டச் செய்தியைக் கூட்டுக: அ, ஆ சேர்ந்து 7. உடனே அ 2 என்பது உறுதியாகிறது. மற்ற ஆறு விடைகளும் ஒழிகின்றன.

6. விளிம்பை நோக்கும் காமிரா

மேற்கூறிய கிடைமட்டச் செய்தியைத் தரத்தக்கது யூத்சாட்டின் இரண்டாவது கருவி. அது நிலத்தை நேர்கீழாக நோக்கவில்லை. பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் நோக்கிற்று. மேல்வளியில் உள்ள ஆக்ஸிஜன் முதலிய அணுக்கள், பகலில் பெற்ற சக்தியை மெல்லிய ஒளியாக வெளியிடுகின்றன. ஆக்ஸிஜனின் பச்சை ஒளி 557.7 நானோமீட்டர் அலைநீளமுடையது. அது பெரும்பாலும் 100 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்திலிருந்து வருகிறது. செவ்வொளி 630 நானோமீட்டர் அலைநீளமுடையது. அது 250 கிலோமீட்டரை ஒட்டிய உயரத்திலிருந்து வருகிறது. இரவில் எழும் செவ்வொளி, எலெக்ட்ரான்கள் அயனிகளோடு மீண்டும் கூடுவதால் உண்டாவது. ஆதலின் அதன் பிரகாசம் அவ்வுயரத்து எலெக்ட்ரான் செறிவோடு தொடர்புடையது. யூத்சாட்டின் காமிரா 450 முதல் 950 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை, 100 முதல் 1,100 கிலோமீட்டர் உயரம் வரை பதியுமாறு அமைக்கப்பட்டிருந்தது. பக்கவாட்டில் நோக்குவதால் ஒவ்வோர் உயரத்தின் ஒளியும் தனித்தனி அடுக்காகத் தெரியும். ரேடியோ முறை எங்கே தடுமாறுகிறதோ அங்கே ஒளிமுறை துணைநிற்கிறது. பூமியைப் பார்த்தல் என்றால் வயலையும் காட்டையும் பார்ப்பது மட்டுமன்று, அவற்றின் மேல் கவிந்துள்ள வளியை அடுக்கடுக்காகப் பார்ப்பதும் அதில் அடங்கும் என்பதை மாணவர்க்கு உணர்த்துக.

7. கதிரவனின் கதிர்வீச்சு

இவ்வயனி மண்டலம் நேற்றிருந்தவாறு இன்றிராது. அதன் மாறுதலுக்குக் காரணத்தைக் கதிரவனிடத்தே தேட வேண்டும். அதற்காக அமைந்தது சோல்ராட். அது கதிரவனின் சுடர் வெடிப்புக்களிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களையும் காமாக் கதிர்களையும், துருவப் பகுதிகளில் வந்து விழும் மின்னேற்றத் துகள்களையும் அளந்தது.

கதிரவனிலிருந்து மூன்று வகைச் செய்திகள் மூன்று வேகத்தில் வருகின்றன. எக்ஸ்-கதிர்கள் ஒளியின் வேகத்தில் எட்டு நிமிடம் இருபது வினாடியில் வந்து, பகல் பக்கத்தில் உள்ள அயனி மண்டலத்தை நேராகத் தாக்குகின்றன. நம் நாட்டில் அப்போது பகலாயின் நாமும் அதற்கு உட்படுவோம். விரைவுத் துகள்கள் பல நிமிடங்களிலிருந்து பல மணி வரையில் வந்து சேர்கின்றன. மின்னேற்ற வாயுத்திரள் ஒன்று முதல் மூன்று நாளில் வந்து பூமியின் காந்தப்புலத்தை அசைக்கிறது.

இவற்றில் துகள்கள் நம்மை வந்தடைவது அரிது. காந்த நடுக்கோட்டின் அருகே பூமியின் காந்தப்புலம் அவற்றுக்குக் குறுக்காக நின்று தடுத்துத் திருப்புகிறது. உதகமண்டலத்தில் செங்குத்தாக வந்து சேர ஒரு துகளுக்கு ஏறக்குறைய 17 ஜிகாவோல்ட் விறைப்பு வேண்டும். உலகிலேயே மிக உயர்ந்த வரம்புகளுள் அது ஒன்று. துருவங்களிலோ காந்தவிசைக் கோடுகள் செங்குத்தாக இறங்குவதால் வாயில் திறந்தே இருக்கிறது. யூத்சாட் ஒவ்வொரு சுற்றிலும் இரு துருவப் பகுதிகளையும் கடந்தமையால், ஒரு நாளில் ஏறத்தாழ இருபத்தெட்டு முறை அவ்வாயிலில் நின்று வருவோரை எண்ணிற்று. நடுவே இந்தியாவின் மேல் வரும்போது, அவ்வெடிப்பின் விளைவை அயனி மண்டலத்தில் கண்டது. காரணத்தையும் காரியத்தையும் ஒரே கலத்தில் அமர்ந்து குறிப்பதன் சிறப்பு இதுவே.

நமது காந்தக் கவசமும் எப்போதும் ஒரே தன்மையாய் இருப்பதன்று. 2015 ஜூன் 22-ஆம் நாள், உதகமண்டலத்தில் உள்ள கிரேப்ஸ்-3 நிலையத்தின் மியூவான் தொலைநோக்கி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அண்டக் கதிர்கள் மிகுந்து வந்ததைப் பதிவு செய்தது. கதிரவனிலிருந்து வந்த வாயுத்திரளின் தாக்குதலால் கவசம் சிறிது நேரம் தளர்ந்ததே அதற்குக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் விளக்கினர். 2022 பிப்ரவரி 3-ஆம் நாள் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் துணைக்கோள்களில் 40 வரை, காந்தப் புயலால் மேல்வளி சூடேறி அடர்ந்ததனால் பாதை தாழ்ந்து அழிந்தன.

8. களப்பணியாளர் அறிய வேண்டியது

கையடக்க ஜி.பி.எஸ். கருவி, 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள துணைக்கோள்களிலிருந்து வரும் அலைகளின் காலத்தை அளந்தே இடத்தைக் கணிக்கிறது. அவ்வலைகளும் இந்த அயனி மண்டலத்தைக் கடந்தே வருகின்றன. 1,575.42 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு தூண் அலகு எலெக்ட்ரான்களால் உண்டாகும் தாமதம் 16 சென்டிமீட்டர். பிற்பகலில் 50 அலகு இருந்தால், நேர் மேலுள்ள துணைக்கோளின் தூரம் எட்டு மீட்டர் மிகுதியாகத் தோன்றும். அடிவானத்தை ஒட்டிய துணைக்கோள்களுக்கு இது ஏறக்குறைய மூன்று மடங்காகும். கருவியினுள் உள்ள பொதுவான திருத்தச் சூத்திரம் இப்பிழையில் பாதியளவையே நீக்க வல்லது.

எல்லாத் திசையிலும் பிழை ஒத்திருந்தால், அதன் பெரும்பகுதி நேரக் கணக்கிலும் உயரக் கணக்கிலும் சென்று ஒடுங்கிவிடும்; இடம் மிகுதியாகப் பெயராது. ஆனால் முன்னே கூறிய சரிவை நினைவுகூர்க. கௌதள்ளியில் நிற்பவருக்கு வடக்கே எலெக்ட்ரான்கள் மிகுதி, தெற்கே குறைவு. வடதிசைத் துணைக்கோள்கள் உள்ளதைவிட எட்டத்தில் இருப்பனபோல் தோன்றும். ஆகவே கருவி காட்டும் இடம் தெற்கே தள்ளிச் செல்லும். நான்கு மீட்டர் தள்ளியது என்று கொள்வோம். ஐம்பது மீட்டர் நீளமுள்ள ஒரு வயலெல்லையில் அது 200 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்து சென்ட் நிலம். ஒரு குடும்பம் வீடு கட்டத்தக்க மனை அது. காட்டெல்லையை ஒட்டிய பட்டா நிலத்தில், ஐந்து சென்ட் இப்புறமா அப்புறமா என்பது உழவர் ஒருவர் ஆக்கிரமிப்பாளர் எனப் பெயர் பெறுவதற்குப் போதுமானது. தவறு அவர் மேலதன்று. முந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள எலெக்ட்ரான்களின் மேலதாகவும் இருக்கலாம்.

ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்வது நலம்:

முதலாவது, ஒவ்வொரு குறிப்புடனும் நாளையும் மணியையும் தவறாமல் எழுதுக. மணியில்லாத குறிப்பைப் பின்னர்த் திருத்த இயலாது.

இரண்டாவது, பணி தொடங்குமுன்னும் முடிந்த பின்னும், இடம் நன்கறியப்பட்ட அளவைக்கல் ஒன்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்து, வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

மூன்றாவது, எலெக்ட்ரான்கள் மிகும் பிற்பகல் வேளையைவிடக் காலை வேளை சிறந்தது. மார்ச்சு, ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், அதிலும் கதிரவன் கொந்தளிக்கும் ஆண்டுகளில், பொழுது சாய்ந்தபின் சில மணி நேரம் அயனி மண்டலத்தில் குமிழிகள் தோன்றி அலைகளைத் துடிக்கச் செய்யும். அந்நேரத்துக் குறிப்புக்களை நம்புதல் ஆகாது.

நான்காவது, மரங்களின் அடர்த்தியாலும் பாறைகளில் பட்டு எதிரொலிப்பதாலும் உண்டாகும் பிழைகள் வேறு. அவற்றை அயனி மண்டலத்தின் மேல் ஏற்றற்க.

ஐந்தாவது, எல்லைத் தகராற்றில் ஒற்றை அதிர்வெண் கைக்கருவியின் குறிப்பு ஒன்றையே கொண்டு முடிவு கூறற்க. இரண்டு அதிர்வெண் வாங்கும் அளவைக் கருவிகள் யூத்சாட் கையாண்ட தத்துவத்தாலேயே பிழையைத் தாமே நீக்கிக்கொள்கின்றன. அவற்றைக் கொண்ட நில அளவையரை வேண்டுக.

9. யூத்சாட்டின் எல்லையும் வழித்தோன்றல்களும்

யூத்சாட்டின் பாதை கதிரவனோடு ஒத்தியங்குவது. ஆதலின் அது நம் நாட்டின் மேல் வந்தது காலை பத்தரை மணியை ஒட்டியும் இரவு பத்தரை மணியை ஒட்டியுமே. எலெக்ட்ரான்கள் உச்சமடையும் பிற்பகலையும், குமிழிகள் பிறக்கும் அந்திவேளையையும் அது நேரில் காணவில்லை. இரண்டாண்டுப் பணிக்கென அமைக்கப்பட்ட சிறு கலத்திடம் எல்லாவற்றையும் எதிர்பார்த்தலும் முறையன்று. அது விட்ட இடத்திலிருந்து பிற தொடங்கின. திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கல்வி நிலையத்தின் மாணவர்கள், அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அமைத்த இன்ஸ்பயர்சாட்-1, 2022 பிப்ரவரி 14-ஆம் நாள் ஏவப்பட்டது. 8.1 கிலோகிராம் எடையுள்ள அதில் அயனி மண்டலத்தை அளக்கும் கருவியும், கதிரவனின் எக்ஸ்-கதிர்களை அளக்கும் கருவியும் சேர்ந்தே இருந்தன. கதிரவனை இடைவிடாது நோக்கும் ஆதித்யா-எல்1, 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-ஆம் நாள் தன் இருப்பிடத்தை அடைந்தது. கதிரவனையும் பூமியின் மேல்வளியையும் சேர்த்து நோக்கும் முறை, 92 கிலோகிராமிலிருந்து 8 கிலோகிராமுக்குச் சுருங்கியும் கைவிடப்படவில்லை.

10. வகுப்பில் செய்யத்தக்கவை

(அ) 822 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள துணைக்கோள் ஒரு நிலையத்தின் அடிவானத்திலிருந்து எழுந்து எதிர் அடிவானத்தில் மறைய எத்தனை நிமிடம் ஆகும்? பூமியின் ஆரை 6,371 கிலோமீட்டர். செங்கோண முக்கோணம் வரைந்து காண்க. விடை பதினைந்து நிமிடத்தை ஒட்டி வரும்.

(ஆ) நான்கு கட்டக் கணக்கில் பொருந்தும் ஏழு விடைகளையும் எழுதுக. அ, ஆ சேர்ந்து 7 என்பதற்குப் பதிலாக, இ, ஈ சேர்ந்து 13 என்று தரப்பட்டிருந்தால் விடை மாறுமா?

(இ) கதிரவனில் நண்பகல் 12 மணிக்கு வெடிப்பு நிகழ்வதாக நம் தொலைநோக்கி காட்டினால், அவ்வெடிப்பு உண்மையில் நிகழ்ந்தது எப்போது? அதன் எக்ஸ்-கதிர்கள் நம்மை அடைந்தது எப்போது?

(ஈ) பள்ளி முற்றத்தில் அசையாத கல் ஒன்றைத் தேர்ந்து, காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 8 மணி ஆகிய மூன்று வேளையிலும், ஒரே கைக்கருவியால் அதன் அட்சமும் தீர்க்கமும் குறித்து வருக. ஒரு மாதக் குறிப்புக்களை வரைபடத்தில் புள்ளிகளாக இடுக. கல் அசையவில்லை, புள்ளிகள் சிதறும். எவ்வேளைப் புள்ளிகள் மிகுதியாகச் சிதறுகின்றன, வடக்குத் தெற்காகவா, கிழக்கு மேற்காகவா என்று மாணவரையே பார்த்துக் கூறச் செய்க. அக்குறிப்பேட்டின் படி ஒன்றை ஊரின் நில அளவையரிடமும் வன அலுவலரிடமும் கொடுத்து வைத்தால், அடுத்து எல்லைக்கல் நடும்போது எவ்வேளையில் அளப்பது என்று அவர்கள் முடிவு செய்ய அது உதவும்.